நத்தைகுத்தி

திருத்துறைப்பூண்டி ஸ்டேஷனில் விடியுமுன்
இறங்கியவர் அவர் ஒருவர்தான்.
கழுத்தில் பைனாகுலர், கையில் பிஸ்கட் பாக்கெட்.
உதயமார்த்தாண்டபுரம் ஏரி, போக வர நானூறு.
பேரம் பேசவில்லை. ஏறுமுன் என் வண்டியின் முதுகைப் படித்து
‘இடைவெளி கடைபிடி’யில் ஒரு ப் குறையுதுங்க என்றார்.

ஓசூரில் லேத் பட்டறையாம்.
அரை மில்லி பிசகினால் அந்த இரும்பு குப்பைக்குத்தான்.
வழியெல்லாம் பிசகு பார்த்துக்கொண்டே வந்தார்.
வாய்க்காலோரம் நான் கொக்கு என்றால் அவர் மடையான்.
கம்பியில் நான் மீன்கொத்தி என்றால்
அவர் வெண்மார்பு மீன்கொத்தி.
இரண்டாவது பாலம் தாண்டியதும் வாயை மூடிக்கொண்டேன்.

ஏரியைப் பற்றி அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.
மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வராத வருஷம்.
நானூறு ரூபாய் சொல்ல விடவில்லை.

வெடித்துக் கிடந்தது ஏரி.
நடுவில் மூன்று கருவேலங்குச்சி நட்டுப்
பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.
மரங்களில் பழைய கூடுகள், எச்சத்தின் வெள்ளை.
பார்வைக் கோபுரத்துக்குப் பூட்டு.
அவர் பைனாகுலரை எடுத்து
ஏரி முழுவதையும் இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார்.
யாரோ தூக்கி அடித்த பந்து பறந்தது,
அதையும் பார்த்தார்.

பிறகு திரும்பி
உங்களுக்குத் தெரியுமா என்றார்.
தெரியும் என்றேன்.

திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திட்டி
வண்டியைத் திருப்பியிருப்பேன்.
அவர் கரையில் உட்கார்ந்தார்,
பாக்கெட்டைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு.
வருஷத்துக்கு மூணு நாள் லீவு போடுவேன்
என்றார், ஏரியிடம்.

சட்டைப் பையில் போன போகத்து உரக்கடைப் பில் இருந்தது,
பொட்டாஷ் இரண்டு மூட்டை.
பின்பக்கம் வெள்ளை.
பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுவதற்கும்
தவளையின் ஜீரண மண்டலம் வரைந்து கொடுத்தவன் நான்,
படத்துக்கு ஒரு ரூபாய், நிழல் போட்டால் ஒன்றரை.
சீட்டில் வைத்து நீலப் பேனாவில் ஆரம்பித்தேன்.

எதிரே வனத்துறைப் பலகை.
நத்தைகுத்தி நாரை என்று பெயர் இருந்தது,
கால் இருந்தது, அடுக்கிய இறகு இருந்தது.
அலகு இருந்த இடத்தைத் துரு தின்றிருந்தது.
பார்க்காத பறவை இல்லை, நடவு வயலில் நிற்பதுதான்.
ஆனால் நான் பார்க்கும்போதெல்லாம்
அதன் மூஞ்சி சேற்றுக்குள் இருந்திருக்கிறது.
அலகை நானே போட்டேன்,
மேல் பாதியும் கீழ்ப் பாதியும்
மயிரிழை விடாமல் பொருந்துகிற மாதிரி.
நிழலும் போட்டேன்.

வாங்கிப் பார்த்தார்.
கடைசல் போட்ட சாமானைப் பார்க்கிறவர்போல
கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், பிறகு தள்ளிப் பிடித்து.
அலகின்மேல் அவர் பெருவிரல் கொஞ்ச நேரம் நின்றது.
சரியா இருக்குங்க, என்றார்.
மடிக்காமல் சுருட்டி பைனாகுலர் உறைக்குள் வைத்தார்.
பிஸ்கட்டைப் பிரித்து எனக்கு நாலு,
ஓடிவந்த பையன்களுக்கு மீதி.
ஸ்டேஷனில் இருநூறைத் திருப்பிக் கொடுத்தேன்.
நூறை மட்டும் எடுத்துக்கொண்டார், என் மனசுக்காக.

கார்த்திகையில் மழை பிடித்தது.
சவாரியை இறக்கிவிட்டு வரும்போது
மதகுக் கட்டையில் ஒன்று நின்றது,
கைக்கெட்டும் தூரத்தில், தலையை நிமிர்த்தி.
அலகின் நடுவில் சந்து.
அடியில் சேர்ந்து, நுனியில் சேர்ந்து,
நடுவில் சேராமல்.
அந்தச் சந்துக்குள் எதிர்வயல் பச்சையாகத் தெரிந்தது.
அரை மில்லி இல்லை.
ஒரு பென்சில் நுழையும்.

எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
அது போய்விட்டது, நான் இருந்தேன்.
மடையானை விடாதவர்
இதை எப்படி விட்டார்.

மறுநாள் கால் டப்பா வெள்ளைப் பெயிண்ட் வாங்கினேன்.
டைக்கும் பிக்கும் நடுவில் இடமே இல்லை.
ஒல்லியாக ஒரு ப போட்டேன்,
புள்ளி மட்டும் மேலே ஏறி
டையின் தலையில் உட்கார்ந்திருக்கிறது.
பின்னால் வருகிறவர்கள் ஒருவரும்
இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.