பதினொன்றாம் சிக்னல்

ஓல்ட்டன் நிலையத்தில் அன்றிரவு
ஏழாம் தடத்துப் பலகை
22.31 பீல் என்றே காட்டிக்கொண்டிருந்தது,
நடுநிசி தாண்டி, இரண்டு மணி தாண்டி.
ரயில் எப்போதோ போயிருந்தது.
பலகையை நம்பி ஒருவர் நின்றாராம்,
செல்லோப் பெட்டியை அணைத்துக்கொண்டு.

நிரல் செத்திருக்க வேண்டும்.
செத்திருந்தால் காவல் நிரல்
நான்கே நொடியில் அதை எழுப்பியிருக்கும்.
சாகவில்லை.
சாகவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது
நான் எழுதிய ஹேண்ட்லர்.

காலையில் ஊர்ஸ் ஹுன்சிகரிடம் சொன்னேன்:
பதினொன்றாம் சிக்னல் வந்தது.
கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைத்தாய் என்று
கெர்னல் சொல்லும் கடைசிச் சொல்.
என் ஹேண்ட்லர் ஓடிவந்து
யார் யாரை அழைத்தார்கள், எந்த வரியில் என்று
அழகாகப் பத்தி பிரித்து எழுத உட்கார்ந்தது.
எழுதப் பதிவேட்டைக் கேட்டது.
பதிவேட்டின் சாவி
விழுந்துகிடந்தவன் மடியில்.
சாவி தர அவன் எழ வேண்டும்.
அவன் எழ இது எழுதி முடிக்க வேண்டும்.
நான்கு மணி நேரம் இருவரும்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி.

ஊர்ஸ் சிரிக்கவில்லை. காபியை வைத்துவிட்டு
"அந்த நேரத்தில் வேறு என்னதான் செய்யலாம்?" என்றார்.

கொஞ்சம்தான்.
புதிதாக மெமரி கேட்கக் கூடாது.
யார் போட்ட பூட்டையும் தொடக் கூடாது.
நிற்க ஓர் இடம் முன்பே ஒதுக்கியிருக்க வேண்டும்.
அடுக்கு நிரம்பி வழிந்துதான் செத்தது என்றால்
அதன்மேல் கால் ஊன்ற முடியாது.
பின்தடம் பார்க்கும் செயற்கூற்றை
நல்ல நாளிலேயே ஒருதரம் அழைத்து வைக்க வேண்டும்;
முதல் அழைப்பில் அது தன் நூலகத்தைத் தேடிப் போகும்,
இழவு வீட்டில் நின்று தேட முடியாது.
பெயர்கள் வேண்டாம், வெறும் எண்கள்.
ஏற்கெனவே திறந்திருக்கும் கோப்பில் கொட்டிவிட்டு
சிக்னலின் பழைய பொருளை அதற்கே திருப்பித் தந்து
மறுபடி எழுப்பி
ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.
ஒழுங்காகச் சாகட்டும்.

எழுதினேன். பதினெட்டு நாள் காத்திருந்தேன்.
ஆரே ஆற்றின் மூடுபனி ஒருநாளும் விலகவில்லை.
பதினெட்டாம் நாள் பலகை இமைத்தது.
நான்கு நொடி. யாரும் கவனிக்கவில்லை.

கோப்பில் நான்கே வரி.
என் ஹேண்ட்லர். அதற்குக் கெர்னல் வைத்த படிக்கட்டு.
பலகைக்கு எழுத்துக் கோக்கும் செயற்கூறு.
பிறகு வரவேண்டியது அதை அழைத்தவர்,
அவரை அழைத்தவர், அப்படியே மெயின் வரைக்கும்,
தண்டவாளத்தோரம் கிலோமீட்டர் எண்கள்
குறைந்து குறைந்து
இந்த ஊரில் சுழியம் பொறித்த கல்லுக்கு வருவதுபோல.
வரவில்லை.
நான்காம் வரி: 656c6c6574736574.
அப்படியொரு முகவரி இந்த இயந்திரத்திலேயே கிடையாது.

ஊர்ஸ்தான் கண்டுபிடித்தார்.
"எண் இல்லை இது. வலமிருந்து இரண்டிரண்டாகப் படி."
டி, ஈ, எஸ், டி, ஈ, எல், எல், ஈ.
ஒரு சொல்லின் வால்.
பான்எர்ஸாட்ஸ்ஃபெர்கேர்ஸ்ஹால்ட்டெஷ்டெல்லெ:
ரயிலுக்குப் பதிலாக விடும் பஸ் நிற்குமிடம்.
ஜெர்மனில் ஒரே மூச்சு.
புணர்ச்சி விதி படித்தவளுக்கு அதில் வியப்பில்லை.
முன்னால் ஓர் அம்புக்குறி வேறு.
பதினாறு எழுத்துக்குக் கட்டிய அறை.
மீதிச் சொல் சுவர் ஏறிக் குதித்து
திரும்பிப்போகும் முகவரியின்மேல் படுத்துக்கொண்டது.

என் அப்பா பெயர் விக்கினேஸ்வரமூர்த்தி.
வதிவிட அட்டையில் ஓரிடத்தில் வெட்டுவார்கள்,
காப்புறுதியில் இன்னோரிடத்தில்.
வங்கியில் அவர் வெறும் விக்கினே.
ஒவ்வொரு முறையும் எனக்கு எரியும்.
இந்த நிரல் மட்டும் வெட்டவில்லை.
வந்த சொல்லுக்கு முழுசாய் இடம் கொடுத்தது,
தான் வீடு திரும்பும் வழியை எடுத்து.

அறையை அறுபத்துநான்காக்கினேன்.
அதற்கும் மேலே வந்தால் வெட்டு
என்று என் கையாலேயே எழுதினேன்.
வெட்டிய இடத்தில்
மூன்று புள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன்,
இன்னும் இருக்கிறது என்றாவது தெரியட்டும்.