தண்ணிக்கழிவு

மொத்தம் இருபத்து நாலு கேள்வி.
கொழும்புக் கம்பனி தந்த டெப்பில்
வரிசையாக ஐந்து முகங்கள்,
சிரிப்பில் தொடங்கி அழுகையில் முடியும்.
'தெரியாது' என்றால் தொண்ணூற்றெட்டு.
'சொல்ல மாட்டேன்' தொண்ணூற்றொன்பது.
படிவத்துக்கு நானூற்றைம்பது ரூபாய்,
பஸ் காசு என்னுடையது.

பொகவந்தலாவை ரோட்டில் இறங்கி
ஸ்டோருக்குப் பின்னால் ஏறினால்
கீழ்ப்பிரிவு, எட்டாம் நம்பர் லயம்.
விதி என்னவென்றால்
வீட்டில் யாருக்கு அடுத்த பிறந்தநாளோ
அவரிடம் மட்டுமே கேட்கலாம்.
முதல் காம்பராவில் மூன்று பேர்.
மூவருக்கும் ஜனவரி ஒன்று.
பதிந்த கிளாக்கருக்கு
எல்லா வருடமும் அவசரம்.
எனக்கும் ஜனவரி ஒன்றுதான்,
அதைச் சொல்லப் படிவத்தில் இடமில்லை.

கொந்தரப்புக்குப் புல் வெட்டும்
குழந்தைவேலைப் பிடித்தேன்.
நாட்டின் பொருளாதாரம்
இன்னும் ஆறு மாதத்தில்
ஏறுமா, இறங்குமா, இப்படியே கிடக்குமா?
"எந்த நாட்டோட?" என்றார்.
கிண்டல் இல்லை.
மகள் குவைத்தில் நாலு பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிறாள்.
அங்கே மேடம் கோபப்பட்டால்
இங்கே அரிசி அரைக்கிலோவாகிறது.
எந்த முகத்தைத் தொடுவது?
நடுவில் இருந்ததைத் தொட்டேன்.

தொங்கல் காம்பராவில் செபமாலை.
மலையிலிருந்து வந்த காலோடு
இஸ்தோப்பில் உட்கார்ந்து
அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தாள்.
கேள்வி பதினேழு:
எந்தக் கட்சியை நெருக்கமாக உணர்கிறீர்கள்?

"நெருக்கமா?
மாசாமாசம் சம்பளத்துல
சந்தா வெட்டுறான்.
நெருக்கமா நிக்காம எப்பிடி வெட்டுறது?
பன்னெண்டு தகரம்னாங்க, போன எலெக்சன்ல.
ஏழு வந்துச்சு.
மிச்சம் அஞ்சும் எங்க கையிலன்னு
அடுத்த கட்சி வந்தான்.
இப்ப மழ
ரெண்டு கட்சிக்கும் நடுவால எறங்குது.
அந்தா, அந்தச் சட்டிக்குள்ள."

சட்டியைப் பார்த்தேன்.
முக்கால்வாசி நிறைந்திருந்தது.
டெப்பை எட்டி எடுத்துத் தள்ளி வைத்தேன்,
கம்பனிச் சாமான்.

"இதுக்கு ஒனக்கு எவ்வளவு?"
சொன்னேன்.
விரல் மடக்கவில்லை அவள், பட்டென்று:
"கிலோ அம்பதுன்னா ஒம்பது கிலோ.
பதினெட்டு எடுத்தாத்தான் எங்களுக்குப் பேர்.
என் வாயால ஒனக்கு அரைப்பேர், பரவாயில்ல.
ஒண்ணு சொல்லு.
மடுவத்துல நிறுக்கயில
ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணுன்னு
கழிச்சுக்கிறாங்க.
நான் பேசுனதுல
தண்ணிக்கு எவ்வளவு வெட்டுவீங்க?"

பயிற்சி மூன்று நாள், பகல் சோற்றோடு.
இந்தக் கேள்வி அதில் வரவில்லை.
பதினேழுக்கு நேரே
தொண்ணூற்றெட்டு என்று அடித்தேன்.
அவளுக்குத் தெரியாததா?
தெரிந்ததை வைக்க
என்னிடம் கூடை இல்லை.

கடைசிக் கேள்வி: வேறு ஏதும் சொல்ல விரும்புகிறீர்களா?
ஐம்பது எழுத்துக்குள் இருக்க வேண்டும்.
'மிச்ச அஞ்சு தகரம்' போட்டேன்.
இடம் நிறையவே மிஞ்சியது.
அவளும் எட்டிப் பார்த்தாள்,
"என்னா, அவ்வளவுதானா?"

நோர்வூட் சந்தியில் சிக்னல் வந்தது.
வட்டம் சுற்றிச் சுற்றி
எட்டாம் நம்பர் லயம் முழுதும்
கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.
மறுநாள் சுப்பவைசர் எடுத்தார்.
தோட்டப் பக்கம் தொண்ணூற்றெட்டு கூடுதலாம்.
"அந்த ஆட்களுக்கு அபிப்பிராயம் குறைவு மிஸ்,
நீங்க கொஞ்சம் நோண்டிக் கேக்கணும்."
தகரம்?
அது 'பிற'வில் சேர்ந்துவிட்டதாம்.

மாதக் கடைசியில் காசு வந்தது.
முப்பத்தொரு படிவம் கொடுத்திருந்தேன்.
நாலு தரமில்லை என்று
கழித்துக்கொண்டு போட்டிருந்தார்கள்.

அன்றைக்கு ஹட்டனில்
மழைகூட இல்லை.