ஏழு யூரோ

ஔலு நகரத்துப் பழம்பொருள் சந்தை.
வெளியே மைனஸ் பதினெட்டு.
முன்னாள் கணவன் விட்டுப்போன பெட்டியைக் கிளறி
விலை ஒட்டுகிறாள் ரைலி.

பிளாஸ்டிக் கிதார்: ஐந்து பொத்தான், ஒரே ஒரு கிறிஸ்துமஸ்.
தூண்டில் கைப்பிடி.
ஜன்னலுக்கு அந்தப்பக்கம் நிஜ ஏரி கிடக்க
சோபாவில் சாய்ந்து மீன் பிடித்தவனை
என்னவென்று சொல்ல.
உடற்பயிற்சிப் பலகை, ஏறும்போதெல்லாம்
"ஓ" என்றது.
அதைத்தான் முதலில் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

"இதெல்லாம் வாங்கலாமா?"
கையுறையில் வெர்னெரி என்று பெயர் தைத்த பையன்
ஸ்டியரிங்கைத் தொட்டபடி.
அவளுக்குப் பொய் வராது.
"வேண்டாம். மிதி ஒன்று வேலை செய்யாது.
பிரேக்."
"பரவாயில்லை."
"உன்னிடம் என்ன கன்சோல்?"
"இல்லை."
"கன்சோலே இல்லையா?"
சில்லறையாக எண்ணி வைக்கிறான்
ஏழு யூரோ.

மூன்று மணிக்கே இருட்டு.
மூட்டை கட்டிப் பேருந்தில் ஏறினால்
முன்னிருக்கையில் அவன்.
மடியில் ஸ்டியரிங், தரையில் வாலாய் வயர்.
பாலம் வந்ததும் இடப்பக்கம் ஒடிக்கிறான்.
எட்டாம் எண் பேருந்து
சொன்னபடி திரும்புகிறது.

பிரேக்கை மட்டும்
ஓட்டுநர் பார்த்துக்கொள்கிறார்.