எட்டு நாள் வாரம்

பெய்த் ஜாலா மேட்டில்
இருவருமே வர அனுமதியுள்ள ஹோட்டல் அது ஒன்றுதான்.
ஒன்பது மணிக் கூட்டத்துக்கு
யிஃப்தாஹ் ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார்.
நஸ்மி வரும்போது பதினொன்றே கால்.
சாவடியில் இன்று ஒரு வரிசைதானாம்.
தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டார்.
யார் யாரிடம் கேட்க வேண்டியது அது
என்று என் நாக்கு ஒரு கணம் தயங்கிற்று.
எனக்குக் கூலி, சொன்னதைச் சொல்ல.

ஹைஃபாவில் பிறந்தவள் நான்.
இரண்டு மொழியிலும் கெட்ட கனவு வரும்.

விவகாரம் ஓர் ஊற்று.
மேலே யிஃப்தாஹ் ஊரின் பம்பு.
கீழே நஸ்மி ஊரின் கல்படிக் கொல்லைகள்:
எட்டுக் குடும்பம், ஆளுக்கு ஒரு நாள்.
ஆகவே தண்ணீருக்கு மட்டும்
அங்கே வாரத்துக்கு எட்டு நாள்.

‘பாதிக்குப் பாதி. இதைவிட நியாயம் உண்டா?’
என்றார் யிஃப்தாஹ், மனதாரத்தான்.
‘எதில் பாதி?
என் அப்பா காலத்துத் தண்ணீரிலா,
நீங்கள் உறிஞ்சியதுபோக மிஞ்சியதிலா?’
பாதி என்ற சொல் சுலபமாக மொழிமாறும்.
எங்கிருந்து அளப்பது என்பதுதான்
வாயில் முள்ளாய் நிற்கிறது.

சமரசம் என்று சொல்லவும் எனக்குத் தோதில்லை.
ஹீப்ருவில் அந்தச் சொல்லுக்குப் பக்கத்து வீடு
வெதுவெதுப்பு: சூடுமில்லை, குளிருமில்லை.
அரபியில் அது சமன்செய்தல்;
புல்டோசர் வீட்டைத் தரைமட்டமாக்குவதற்கும்
அதே வேர்.
நான் சொன்னதும் நஸ்மியின் தாடை இறுகியது.
அவர் காதில் விழுந்தது எந்தச் சமன்?

தேநீர் வந்தது.
‘அந்தப் பேருந்தில் என் தங்கை மகள் இருந்தாள்’
என்றார் யிஃப்தாஹ், கோப்பையைப் பார்த்து.
‘என் பையன் உள்ளே போய் நாலு மாதம்.
என்ன குற்றம் என்று இன்னும் சொல்லவில்லை’
என்றார் இவர், சர்க்கரையைப் பார்த்து.
யாரும் எடை போடவில்லை.
தேநீர்தான் ஆறிக்கொண்டிருந்தது.

பிறகு, ஏனோ, யிஃப்தாஹ் கேட்டார்:
‘எட்டு நாள் வாரமென்றால்
சனிக்கிழமை யாருக்கு?’
‘இந்த வாரம் ஒருவருக்கு, அடுத்த வாரம் இன்னொருவருக்கு.
நழுவிக்கொண்டே போகும். யாருக்கும் சொந்தமில்லை.’
காகிதக் கைக்குட்டையில் கோடு போட்டுப் பார்த்தவர்
பேனாவை எடுக்காமலே சொன்னார்:
‘ஒன்பதாக்கினால்?
எங்கள் ஊர் ஒன்பதாவது குடும்பம்.’

நான் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது.

நஸ்மி சிரிப்பார் என்று நினைத்தேன்.
விரல்விட்டு எண்ணினார்:
‘குடும்பமென்றால்
பம்பு எட்டு நாள் வாயை மூடணும்.
வாய்க்காலில் இறங்கிச் சேறு அள்ளணும்.
மழையில் கல்படி சரிந்தால், யாருடையதானாலும், தூக்கிக் கட்டணும்.
சாவு விழுந்தால் வந்து நிற்கணும்.
முடியுமா?’

கீழே சாலையில் ஒரு லாரி
கியர் மாற்றி ஏறும் சத்தம், மேடு முடியும்வரை.

‘எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னால்
முகத்தில் துப்புவார்கள்.’
‘எங்கள் ஊரில் துப்பமாட்டார்கள்.
என்னோடு பேசவே மாட்டார்கள்.’
முதன்முறையாக ஒருவரையொருவர் நேராகப் பார்த்தார்கள்,
நடுவில் இருந்த என்னை விட்டுவிட்டு.

கையெழுத்து ஏதும் ஆகவில்லை.
பம்பு இன்றிரவும் ஓடும்.
ஒரு நாள், இருவரும் ஊற்றுவரை நடந்துபோய்ப் பார்ப்பது:
அவ்வளவே.
அதற்கும் அனுமதி வேண்டும்.
யிஃப்தாஹுக்கு ஒரு பக்க விண்ணப்பம்,
பிறந்த மண்ணுக்குப் போக நஸ்மிக்குப் பதினேழு பக்கம்.
பதினேழும் ஹீப்ருவில்.

யிஃப்தாஹ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு
அதை நிரப்ப உட்கார்ந்தார்.
பாட்டன் பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினார்.
அடையாள எண்ணைத் தப்பாக எழுதி, அடித்து,
வேறு தாள் கேட்டார்.
ஆறாம் பக்கத்தில்
‘செல்லும் காரணம்’ என்ற கட்டத்தில்
பேனா நின்றது.

‘சேறு அள்ள’ என்றார் நஸ்மி.

அதற்கு மட்டும்
நான் சொல் தேடவில்லை.