மரம் இலக்கம் 4417

கொள்ளுப்பிட்டியில் ஐந்தாம் மாடி.
கண்ணாடிக்கு அப்பால் கடல், இப்பால் குளிரூட்டி,
நடுவில் இருந்து நான் மரம் விற்றேன்.
மண் படாத விரலால்
கையேட்டின் நான்காம் பக்கத்தைத் திருப்பி
"பாருங்கோ, எல்லாம் மகோகனி" என்பேன்.
பதினெட்டு வருடம் பொறுத்தால் போதும்,
ஒரு மரம் ஒரு மகளின் படிப்பு.

படத்தில் அவை
பள்ளிக்கூட அசெம்பிளிபோல் நின்றன.
ஒரே தாய்மரத்து விதை, ஒரே கிழமையில் நடுகை,
எட்டடிக்கு ஓர் எட்டடி.
இடையில் ஒரு புல் இல்லை.
அந்தச் சுத்தத்தைக் காட்டித்தான்
கையெழுத்து வாங்கினேன்.

ஜெசிந்தா பன்னிரண்டு வாங்கினாள்,
குவைத்தில் அடுத்தவர் பிள்ளை வளர்த்த காசில்.
புறக்கோட்டையில் மணிக்கூடு திருத்தும் ஹில்மி நானா
ஒன்றே ஒன்று. இலக்கம் 4417.
மாதம் ஒருமுறை எடுப்பார்:
"என்ட மரம் எப்பிடி ஈக்குது மகள்?"
கணினியைப் பார்த்து
விடுதியில் படிக்கும் பிள்ளையின் சுகம்போலச் சொல்வேன்.

நான்காம் வருட மழைக்குப் பிறகு
மொனராகலையிலிருந்து ஒரு கடித உறை.
உள்ளே விரல் நீளத்தில் ஒரு குருத்து.
பிளந்தேன்.
பென்சிலில் ஈயம் இருக்கவேண்டிய இடத்தில்
நீலம் பாரித்த ஒரு புழு.

அது மரத்தைக் கொல்வதில்லை.
கொன்றிருந்தால் காப்புறுதியாவது கிடைத்திருக்கும்.
நுனிக் குருத்தை மட்டும் குடைந்து தின்னும்.
நுனி போன மரம் பக்கத்தில் இரண்டு விடும்,
அதன் நுனிகளும் போனால் நான்கு.
நேராக மேலே போவதற்கென்றே நட்ட மரம்
பற்றையாகும்.
பலகைக்கு ஆகாது. விறகு விலை கேட்பார்கள்.

அந்த அந்துப்பூச்சிக்கு
கலப்புக் காட்டில் சீவியம் லேசானதல்ல.
தனக்கான ஒரு மரத்தைத் தேடி
பலா தாண்டி, வேம்பு தாண்டி,
எத்தனையோ இலைகளின் வாசத்தில் வழி தவறி
இரவெல்லாம் அலையவேண்டும்.
முட்டை பாதி எறும்புக்கு, புழு பாதி குருவிக்கு.
நாங்கள் விலாசம் எழுதிக் கொடுத்தோம்,
வரிசை இலக்கத்தோடு, ஒன்பதாயிரம் விலாசம்.
ஒரு திறப்பு எல்லாக் கதவையும் திறக்கும் தெரு.

மருந்து அடித்தார்கள்.
மருந்து வெளியே நனைந்தது, புழு உள்ளே காய்ந்து கிடந்தது.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், அடிக்குறிப்பைவிடச் சிறிதாக:
"வரிசை 31 முதல் 34, கிழக்கு மூலை. பாதிப்பு மிகக் குறைவு."
எனக்கு அந்த மூலையைத் தெரியும்.
ஒருநாளும் போனதில்லை, ஆனாலும் தெரியும்.
காவலாளி கருணாதிலகவின் சம்பளத்தில்
இரண்டாயிரம் வெட்டிய கடிதத்தை
நான்தான் தட்டச்சு செய்தேன்:
களை பிடுங்கவில்லை,
பலாவையும் இபில்-இபிலையும் முளைக்க விட்டுள்ளார்,
நிறுவனத்தின் தோற்றத்துக்குக் கேடு.

அந்தக் கேட்டுக்குள், நிழலுக்குள்,
பலதும் கலந்த வாசத்துக்குள்
நாற்பது மகோகனிகள் பூச்சிக்குத் தெரியாமல்
நிமிர்ந்து போயிருந்தன.

இரண்டாயிரத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதினேன்.
எந்தத் தலைப்பின் கீழ் என்று கேட்டது கணக்குப் பகுதி.
எனக்குத் தலைப்பு கிடைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து
ஹில்மி நானா நேரிலேயே வந்துவிட்டார்.
கண்ணில் மாட்டும் கண்ணாடிக் குழல் இன்னும் சட்டைப் பையில்.
"4417 எப்பிடி மகள்?"

கணினியில் ஒரு சூத்திரம் இருக்கிறது.
நட்ட திகதியைக் கொடுத்தால் உயரம் சொல்லும்.
அதில் ஒன்பதாயிரம் மரமும்
இன்றைக்கும் பத்தொன்பது அடி.
பக்கத்தில் அறிக்கை, வரிசை 12,
மூன்றாகப் பிரிந்த ஒரு தண்டின் படம்.

"கிளை விட்டிருக்கு, நானா."

முகம் மலர்ந்தது அவருக்கு.
"கிளை விட்டா நல்லம்தானே?"

கீழே காலி வீதியில்
ஒரு பஸ் நெடுநேரம் ஹோர்ன் அடித்தது.
அது ஓயட்டும் என்று காத்திருந்தேன்.
ஓய்ந்தது.