கால் பங்கு

நெல்பேட்டையில் பன்னிரண்டு தூண்,
மூன்று மாடி, எழுபத்தொன்றில் கட்டியது.
தண்ணீர் லாரி ஒன்று ரிவர்ஸில் வந்து
மூலைத் தூணை முட்டிவிட்டுப் போயிருக்கிறது.
“லேசாத்தான் பட்டுச்சு” என்றானாம் டிரைவர்.
நான் போனபோது காரை கொட்டி
உள்கம்பி துருவோடு வெளியே தெரிந்தது.

கையில் விதிப்புத்தகத்தின் நகல்,
பின் கழன்ற பதினாலு பக்கம்.
எனக்கு முன்னால் இந்த வார்டில் இருந்தவர்
ஒரே ஒரு இடத்தில் பச்சை மையில் கோடிட்டிருந்தார்:
சேதம் கால் பங்கைத் தாண்டாவிட்டால்
இருந்தது இருந்தபடி திருத்திக்கொள்ளலாம்.
தாண்டினால்
முழுக் கட்டடமும் இன்றைய விதிக்கு வர வேண்டும்.
அதாவது நிலநடுக்கத்துக்கு ஒரு கணக்கு,
நெருப்புக்கு இன்னொரு மாடிப்படி,
நாலு அங்குலத்துக்கு ஒரு வளையக் கம்பி.
அதாவது
எல்லோரும் காலி செய்ய வேண்டும்.

மூலைத் தூண் ஒன்று.
அடுத்தது, வெங்காய மூட்டைக்குப் பின்னால்.
மூன்றாவது ஷட்டருக்கு உள்ளே,
சுத்தியலால் தட்டினால் பொத்தல் சத்தம்.
பன்னிரண்டில் மூன்று.
“காலுக்குக் கால் சரியாப் போச்சு மேடம்,
தாண்டலை” என்றார் உரிமையாளர் ஜெய்லானி.
எனக்கும் உதவியாள் முத்துக்கருப்பனுக்கும்
பருத்திப்பால் சொன்னார்.

தூண் எண்ணுவதில் இந்த ஊர் எப்போதும் தாராளம்.
ஆயிரங்கால் மண்டபத்தில் எண்ணிப் பார்த்தால்
தொள்ளாயிரத்து எண்பத்தைந்து.
மிச்சம் பதினைந்தை
யாரும் போய்க் கேட்டதில்லை.

முதல் மாடியில் மெஹராஜ் பேகம்.
நைட்டிக்குப் பட்டன் தைக்கிறார், டஜன் கணக்கில் கூலி.
“பீரோவை நகர்த்தணுமே.”
“உள்ள துணி அடைஞ்சு கிடக்கு, நகராது மேடம்.”
தரையில் பீரோக் கால்கள் இழுத்த கோடு,
வெள்ளையாக, புதிதாக.
நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்தார்.
பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம்.

நாங்கள் விரிசலின் குறுக்கே கண்ணாடிச் சில்லு ஒட்டி
மேலே தேதி எழுதிவைப்போம்.
சில்லு உடைந்தால்
தூண் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம்.
அவர் மைதாப் பசையில்
தினக் காலண்டர் தாள் ஒட்டியிருந்தார்,
தேதி அச்சடித்தே இருந்தது.
ரஜப் பிறை ஏழு, குறுக்காகக் கிழிந்து.
அதன் மேல் இன்னொன்று, அதுவும் கிழிந்து.
அதற்கும் மேலே ஒன்று.
லாரி வந்தது நேற்று.
முதல் தாள் கிழிந்து
நாலு மாதம் இருக்கும்.

“இதைச் சேர்த்தா நாலா?”
“நாலு.”
“வாடகை ரெண்டாயிரத்து நூறு.
இந்தக் காசுக்கு இப்ப மதுரையில
ஒரு மாட்டைக் கட்ட எடம் கிடைக்காது.”
நான் பதில் சொல்லவில்லை.
“ராத்திரியில சத்தம் கேக்கும் மேடம்,
யாரோ வெரல் நெட்டி முறிக்கிற மாதிரி.
பிள்ளைகளை நடுக்கூடத்துல படுக்க வெச்சிருக்கேன்.”

கால் என்றால் நாலில் ஒன்று.
கால் என்றால் தூண்.
கால் என்றால்
அவர் அப்போது மாற்றி மாற்றி ஊன்றி நின்றது.

படிவத்தில் தூணுக்குக் கட்டம் உண்டு,
விரிசலின் அகலத்துக்கு உண்டு, மில்லிமீட்டரில்.
இவர்கள் எங்கே போவார்கள் என்பதற்கு இல்லை.
‘இதர குறிப்புகள்’ என்று
ஒன்றரை வரி விட்டிருக்கிறார்கள்.
அதில் நான் எழுதத் தொடங்கி
மை வரவில்லை என்று பேனாவை உதறினேன்.
மை வந்துகொண்டுதான் இருந்தது.

கீழே பருத்திப்பால் ஆறிக்கொண்டிருந்தது.
முத்துக்கருப்பன் மேலே வரவில்லை.
தூணுக்குத் தூண் இடைவெளி அளக்க
மறுமுனைக்கு ஆள் வேண்டும்.
நான் கேட்பதற்கு முன்
அவரே டேப்பின் நுனியை வாங்கி,
கிழிந்த தாளின் மேல் வைத்து,
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு கேட்டார்:

“சைபர் இங்கதான வரணும்?”