மூன்றாம் எண் பிளேடு

பொருள்: தடையின்மைச் சான்று வேண்டி.
பார்வை: ஏதுமில்லை.
இரண்டே வரிதான் எழுதியிருந்தேன்.
இருசப்பன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
'இது பத்தாதும்மா' என்றார்.

ஒழுங்கு நடவடிக்கை இல்லை,
குடியிருப்பு வாடகை பாக்கி இல்லை,
நூலகத்தில் புத்தகம் எடுத்ததே இல்லை,
அதற்கும் ஒரு சான்று.
இல்லை இல்லையென்று வாங்கியே
கோப்பு தடித்துவிட்டது.

கேட்டது தூரதேசமில்லை.
மஞ்சக்குப்பத்திலிருந்து கோரிமேடு.
ஆல்பேட்டை, பெண்ணையாறு, முள்ளோடை.
அதற்கப்புறம் காக்கைகூட
வேறு அரசாங்கத்துக் காக்கை.
திரும்பி வருகிறவன் பையைத்தான்
ஆல்பேட்டையில் மோந்து பார்க்கிறார்கள்.
போகிறவனை யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

என் கையாலேயே எத்தனை பேரை அனுப்பியிருக்கிறேன்!
'மேல்சிகிச்சைக்கு ஜிப்மர்.'
நடுராத்திரி, நின்றபடி ஒரு கையெழுத்து.
சிப்காட் காற்று இந்தப்பக்கம் திரும்பும் இரவுகளில்
இருமிக்கொண்டே கலியமூர்த்தி வண்டியைக் கிளப்புவார்.
அந்தச் சீட்டுக்கெல்லாம்
சென்னையிலிருந்து ஒப்புதல் வரவேண்டியிருந்ததில்லை.

பண்டகப் பதிவேட்டில்தான் சிக்கினேன்.
'லாரிங்கோஸ்கோப் பிளேடு, எண் மூன்று. ஒன்று.
பெற்றவர்: மரு. ச. அங்கயற்கண்ணி.
திரும்பி வரவில்லை.'

வராது.
நிவர் கரைகடந்த மறுநாள்
கம்பத்திலிருந்து விழுந்த லைன்மேன் ஒருவர்.
வழியில் குழாய் நழுவினால் போட இருக்கட்டுமென்று
கூடப்போன நர்சிடம் நான்தான் கொடுத்தேன்.
ஆள் பிழைத்தாரா, தெரியாது.
பிளேடு அங்கேயே தங்கிவிட்டது.
ஒரு சான்றும் இல்லாமல் ஆற்றைக் கடந்து
இந்நேரம் யார் தொண்டையிலோ
மத்திய அரசு வெளிச்சம் அடித்துக்கொண்டிருக்கும்.

மயக்க மருந்துக்காரி நான்.
ஊசிக்கு முன்னால் எல்லோரிடமும் தாளை நீட்டுகிறவள்.
வாசிக்கத் தெரிந்தவர்களும் வாசிப்பதில்லை.
'எனக்கு ஆட்சேபணை இல்லை' என்ற வரிக்குக் கீழே
மையோடு ஒரு கட்டைவிரல் இறங்கும்.
இரும்பு பீரோ நிறைய வைத்திருக்கிறேன்.

எனக்கென்று ஒன்று கேட்டபோது
மேலிடத்தில் குறிப்பெழுதினார்கள்:
'இவரை விடுவித்தால் பொதுநலன் பாதிக்கப்படும்.'
பதினோரு வருடத்தில்
அரசு என்னைப்பற்றி எழுதிய முதல் நல்ல வார்த்தை.
கோபம் வரக் கொஞ்சம் நேரமாயிற்று.
பொய்யென்றும் சொல்லமுடியவில்லை.
பக்கத்து நாற்காலி
இரண்டு வருடமாகக் காலி.

நேர்காணல் வியாழன் காலை பத்து.
புதன் சாயங்காலம் கலியமூர்த்தி வந்து
காடாத்துணி முடிச்சொன்றை மேசையில் அவிழ்த்தார்.
பழைய வண்டியின் சீட்டுக்கடியில் கிடந்ததாம்.
எண் இரண்டு.
'பிளேடுன்னா பிளேடுதானே டாக்டர்?'
இருசப்பனும் ரகசியமாகச் சொன்னார்,
சுரண்டிவிட்டால் எண் தெரியாது,
காலை எட்டு மணிக்குக் கொண்டுவாங்க,
ஒன்பதுக்குள் முத்திரை.
இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

பதினொன்றரைக்குச் செம்மங்குப்பத்துப் பிள்ளை.
மூன்று வயது.
முந்திரிப் பருப்பு.
உதடு நாவற்பழம்.
எங்கள் தட்டிலிருந்த சின்ன பிளேடில்
பல்பு எரியவில்லை.
சாவி எந்தப் பையில், எந்தப் பையில்.

நாக்கை ஒதுக்கித் தூக்கினேன்.
வெளிச்சம் விழுந்த இடத்தில்
வாசலை அடைத்துக்கொண்டு
வறுத்த, உப்புப்போட்ட
அரை முந்திரி.

அவன் வீரிட்டு அழுதபோதுதான்
'அம்மாகிட்ட கையெழுத்து வாங்கவே இல்லையே'
என்றாள் நர்ஸ்.

பிளேடைக் கழுவினேன். கரைசலில் போட்டேன்.
மூடிமேல் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் எழுதினேன்:
'அவசரத் தட்டு.
வெளியே எடுத்துச் செல்ல அனுமதி இல்லை.'
கையெழுத்து. தேதி.

மணி மூன்று.
நாலரைக்குப் பாண்டி போகும் முதல் பஸ்.